டைல்ஸ்காரர் சமன் செய்த வயல்

என் வீட்டுக்காரர் வீடுகளுக்கு டைல்ஸ் பதிக்கிறவர். காலமெல்லாம் மண்டி போட்டே சம்பாதித்த மனுஷனுக்கு இரண்டு முழங்காலும் மக்கர் செய்ய ஆரம்பித்தன. இனி மண்டி போடவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ஜன்னலோரமே கதியென்று உட்கார்ந்திருந்தார். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

அண்ணனிடம் போய் நின்றேன். அப்பா விட்டுப்போன வயல் அவன் பேரில் தரிசாகக் கிடந்தது. பக்கத்துச் செங்கல் சூளைக்காரர் அதைக் கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு போகம் பாருங்க. வெளஞ்சா நீங்களே வெச்சுக்குங்க. இல்லேன்னா சூளைக்குத்தான். அப்புறம் எங்கிட்ட மூஞ்சியத் தூக்கக் கூடாது" என்றான் அண்ணன்.

டிராக்டர் விட்டு உழுதோம். வயலில் பாதிக்கு மேல் மேடு, கீழ்மூலையில் பள்ளம். அவருக்கு அது கண்ணை உறுத்தியது.

"ஒரு ரூமை நான் இப்படி விட்டிருந்தா, வீட்டுக்காரன் என்னை வாசல்லயே நிக்க வெச்சிருப்பான்!"

கயிறு கட்டினார், முளை அடித்தார். நீளப் பலகைமேல் ரசமட்டத்தை வைத்து, அதன் குமிழி நடுக்கோட்டுக்கு வரும்வரை டிராக்டர்காரரைப் பாடாய்ப் படுத்தினார். மேட்டை வழித்து வழித்துப் பள்ளத்தில் தள்ளினார்கள். கறுப்பு மண் போய், அடியில் மஞ்சளாக ஏதோ தெரிந்தது.

"என்னங்க, நிறம் மாறுதே?"

"டைல்ஸ்கூடத்தான் பெட்டிக்குப் பெட்டி நிறம் மாறும். மட்டம்தான்மா முக்கியம்."

எனக்கு மட்டும் என்ன தெரியும்? வேலை முடிந்ததும் வயலைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. சோளம் விதைத்தோம்.

மழையும் நன்றாகத்தான் பெய்தது. கீழ்மூலையில் மட்டும் பயிர் கருகருவென்று எழுந்தது. மற்ற இடத்தில் விரல் உயரத்துக்கு வெளுத்து நின்று, அதுவும் படுத்துவிட்டது. அவர் உரம் வைத்தார், தண்ணீர் பாய்ச்சினார். மஞ்சள் மண் வெயிலில் இறுகிப் பாறையாகிவிட்டது. ஒருநாள் மூலையைத் தோண்டிப் பார்த்தேன். முழங்கை ஆழத்துக்குக் கறுப்பு மண். பயிருக்குச் சத்துக் கொடுக்கிற மேல்மண் மொத்தத்தையும் நாங்களே வழித்து அங்கே புதைத்திருந்தோம். அவரிடம் ஒரு பிடி அள்ளிக் காட்டினேன். அன்றைக்கு அவர் சாப்பிடவே இல்லை.

அறுவடைக்கு முன்பே அண்ணன் வந்தான். வரப்பில் நின்று பார்த்து உச்சுக்கொட்டினான்.

"சரி, விடுங்க. சூளைக்காரரை நாளைக்கு வரச் சொல்லிடறேன்" என்றவன், வயலை மறுபடி பார்த்தான். "ஆனா ஒண்ணு மாப்ளே, என்னமா மட்டம் பண்ணியிருக்கீங்க! செங்கல் அறுத்துக் காயப்போட இப்படி ஒரு எடம் தேடினாலும் கெடைக்காது."

அவன் குத்திக்காட்டவில்லை. மனசாரத்தான் சொன்னான், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. 'வாயை மூடுண்ணே' என்று கத்தப் போனேன். அதற்குள் இவர் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்துவிட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு அந்த மஞ்சள் தரையில் மண்டி போட்டார்.

"ஒரு நூல் பிசகு கிடையாது மச்சான். வந்து பாருங்க."

அண்ணன் குனிந்து பார்த்தான். குமிழி நட்டநடுவில் அசையாமல் நின்றது. இவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. அவர் வேலையை ஒருத்தர் மெச்சி எவ்வளவு காலமாயிற்று! நான் பின்னால் நின்று, சத்தம் வெளியே வராமல் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.