நோன்பு இல்லாத ஹாஜரா

1.

இந்தக் கதை என் பசியில் பிறந்தது. பினாங்கின் ஜார்ஜ் டவுனில் ஒரு சோற்றுக்கடையில் மூன்றாம் முறையாக மீன் குழம்பு கேட்டு வாங்கிக்கொண்டிருந்தேன். ஊருக்கே சோறு போடுகிற இந்தக் கடைக்காரரின் மகள் சாப்பிடாமல் இருந்தால் என்ன ஆகும் என்று தோன்றியது. அதற்குப் பிறகு குழம்பு இறங்கவில்லை.

2.

முதல் வரி: ‘1931-ஆம் ஆண்டு, சூலியா தெருவின் மேல் மழை ஒரு வெள்ளைத் துணியைப் போல—’

(அடித்துவிட்டேன். சொல்ல வந்ததைச் சொல்லப் பயந்தால்தான் மழையைப் பிடித்துக்கொள்கிறேன்.)

மறுபடியும். சித்தி ஹாஜராவுக்குப் பதினாறு வயது. கீழே அத்தா முகம்மது கனியின் சோற்றுக்கடை, மாடியில் வீடு. உம்மா ஊருக்குப் போயிருக்கிறாள்.* சில மாதங்களாக ஹாஜராவுக்குச் சோற்றைப் பார்த்தால் பயம். அதற்கு அந்த வீட்டில் ஒரு பெயரும் இல்லை. சன்னலோரம் உட்கார்ந்தால் பசி மயக்கத்தில் துறைமுகத்துக் கப்பல்கள் மெல்ல மிதந்து அறைக்குள் வரும். அவளும் கூடவே மிதப்பாள். அந்த மிதப்பு அவளுக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததே பெரிய பயமாகவும் இருந்தது.

* முதல் பிரதியில் உம்மா வீட்டில்தான் இருந்தாள். மூன்றாம் வரியிலேயே எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டாள். கதை நடக்க வேண்டாமா? கப்பலேற்றிவிட்டேன்.

3.

ரமலான் முடிந்த பிறகும், சாப்பிடக் கூப்பிட்டால் “நோன்பு, அத்தா” என்பாள். விட்டுப்போன நோன்பைப் பிடிக்கிறாள் என்று கனி நினைத்தார். அப்புறம் திங்கள், வியாழன்களில் விரும்பிப் பிடிக்கும் சுன்னத்து நோன்பு என்று அவரே காரணம் சொல்லிக்கொண்டார். நோன்பு திறக்கும் நேரத்தில் கடையில் கூட்டம் நெரியும். அவள் தட்டை யார் பார்ப்பது?

“எம் புள்ள மாதிரி நோன்பு புடிக்கிறவ இந்தப் பினாங்குலயே இல்ல லா!” என்று வாடிக்கையாளரிடமெல்லாம் பூரித்தார். அந்தப் பூரிப்புதான் அவள் வாயை அடைத்தது.

4.

கனியைக் கோபக்காரராக எழுதிப் பார்த்தேன். ‘கரண்டியை ஓங்கி—’

(ஓங்கவில்லை. அந்தக் கை சோறு அள்ள மட்டுமே பழகியது.)

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. யாரிடமும் போதுமா என்று கேட்கமாட்டார். சாப்பிடுகிறவர் தட்டின்மேல் கையை விரித்து மறைக்கும்வரை போட்டுக்கொண்டே இருப்பார்.

ஒரு வியாழக்கிழமை, பொழுது சாய்ந்து மஃரிபு பாங்கு சொன்னதும் அவரே சோற்றுச் சட்டியோடு மாடியேறி வந்தார். மகளுக்குத் தன் கையால் போட ஆசை. முதல் கரண்டியை அள்ளுவதற்குள் ஹாஜரா வெறும் தட்டின்மேல் கையை விரித்தாள்.

“என்னம்மா, இன்னும் ஒண்ணுமே போடலியே? பகல் பூரா நோன்பு.”

“நோன்பு இல்ல, அத்தா.”

“அப்ப காலையில சாப்ட்டியா?”

“அதுவும் இல்ல. ரொம்ப நாளாவே நோன்பும் இல்ல, சாப்பாடும் இல்ல. சாப்புடணும்னுதான் நெனைக்கிறேன். பயம் வந்து தொண்டையில உக்காந்துக்குது. தனியா முடியல, அத்தா. எனக்கு ஒத்தாசை பண்ணுங்க.”

5.

இந்த இடத்துக்கு மூன்று முடிவுகள் வைத்திருந்தேன். ஒன்றில் டாக்டர் வருகிறார். ஒன்றில் ஓதிய தண்ணீர் வருகிறது. ஒன்றில் அவள் அப்போதே வயிறாரச் சாப்பிட்டுவிடுகிறாள். அது வெட்கங்கெட்ட பொய், கிழித்துவிட்டேன்.

கனி தரையில் உட்கார்ந்தார். கீழே யாரோ சோறு கேட்டுக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. தட்டை மூடியிருந்த கையையும் அதில் தொளதொளத்த வளையலையும் அன்றுதான் பார்த்தார். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, தொழிலில் ஒருநாளும் கேட்காததைக் கேட்டார்:

“எவ்வளவும்மா போடட்டும்?”

ஹாஜராவின் பதிலை நான் எழுதப்போவதில்லை. ஒரு பருக்கை என்பாளோ, இன்றைக்குப் பக்கத்தில் மட்டும் இருங்கள் என்பாளோ, நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவசரமில்லை. கனி கடையைச் சாத்தச் சொல்லிவிட்டார்.