முள் நிற்க வேண்டும்

“குடைய நேராப் பிடி. முள்ளு தெரியல” என்றார் அப்பா.

மூன்றாவது முறை. மகள் குடையைக் கை மாற்றிக்கொண்டாள். வாசலில் பானட்டைத் திறந்து வைத்தபடி நின்றது இருபத்திரண்டு வயதுக் கார். அதில் மாட்டியிருந்த, அழுத்தம் காட்டும் வட்டமான கேஜையே அப்பாவும் ஏசி மெக்கானிக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அடுப்பில் பால் வைத்தவர்களைப் போல.

போன் அடித்தது. ஆஸ்பத்திரி நர்ஸ்.

“டிஸ்சார்ஜ் ஆகி ரெண்டு மணி நேரம் ஆச்சுங்க. உங்கம்மா கிளம்பி உக்காந்திருக்காங்க. வண்டி வருதா இல்லையா?”

“வந்துக்கிட்டே இருக்கோம்” என்றாள். காலையிலிருந்து நான்காவது பொய்.

இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் முந்தாநாள் சொன்னார். அம்மா ஒன்றுதான் கேட்டாள்: தன் கட்டிலில் போய்ப் படுக்க வேண்டும். அப்பா தலையாட்டிவிட்டு நேரே போய் மெக்கானிக்கைக் கூட்டி வந்தார்.

ஒன்பது வருடமாக அந்தக் காரில் ஏசி வேலை செய்யவில்லை. வேலை செய்தபோதும் போட விட்டதில்லை. மைலேஜ் அடிவாங்கும் என்பார். கெட்டுப்போனதும் நிம்மதியானார். அம்மா கதவுப் பையில் ஒரு அட்டையைச் செருகி வைத்துக்கொண்டு, போகிற வழியெல்லாம் விசிறிக்கொள்வாள்.

இப்போது இரண்டு நாளாக ரப்பர் வளையம், குழாய் என்று மாற்றி, உள்ளேயிருந்து ஒரு கூடை சருகை அள்ளிப்போட்டு, குழாய்களிலிருந்த காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி எடுத்தாயிற்று. முள் பூஜ்யத்துக்குக் கீழே கிடந்தது. அரைமணி நேரம் அங்கேயே நின்றால் எங்கும் கசிவு இல்லை என்று அர்த்தம். பிறகுதான் கேஸ் ஏற்றலாம்.

“நூலளவு ஏறியிருக்கு சார்” என்றார் மெக்கானிக்.

“பிரிச்சுப் பாருங்க.”

“அப்பா!” குடை சாய்ந்தது. “ஆம்புலன்ஸ்ல ஏசி இருக்கு. ஒரு போன் போட்டா இருபது நிமிஷத்துல அம்மா இங்க இருப்பாங்க.”

“அவ அதுல வரமாட்டா. வாடை அடிக்குதாம்.”

“அம்மா சொன்னாங்களா, நீங்களா சொல்றீங்களா?”

அப்பா கேஜ் பக்கம் குனிந்தார். மெக்கானிக்குக்கே அவளைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும்.

“இப்படியே ஏத்திடட்டுமா சார்? ஒரு மாசம் தாங்கும்.”

“ஒரு மாசம் போதும்ல” என்றாள்.

சொன்ன பிறகுதான் அது அவள் காதில் விழுந்தது. மெக்கானிக் ஸ்பேனரை எடுத்துத் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. அப்பா கேஜிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“முள்ளு நிக்கணும்” என்றார்.

முள் நின்று, கேஸ் ஏற்றி, ஆஸ்பத்திரி வாசலுக்குக் கார் வந்தபோது மணி ஒன்றரை. சக்கர நாற்காலியில் அம்மா.

“ஊர் வண்டியெல்லாம் ரிப்பேர் பண்ணிட்டு வர்றீங்களா?”

அப்பா பின்கதவைத் திறந்து பிடித்தார். குளிர் வெளியே வந்தது. அம்மா அவரை ஒருமுறை பார்த்தாள். ஏறி, மகளின் தோளில் சாய்ந்துகொண்டாள். கார் கிளம்பியதும் அவள் கை கதவுப் பைக்குள் துழாவியது.

“என் அட்டை எங்க?”

“தூக்கிப் போட்டாச்சு. இனிமே எதுக்கு?” அப்பாவின் குரலில் பெருமை.

“யாரக் கேட்டுப் போட்டீங்க?”

இரண்டு தெரு போனது.

“ஏங்க, குளிருது. கண்ணாடிய இறக்கணும்.”

“ஏசி ஓடுறப்ப கண்ணாடிய இறக்கினா…”

“அப்பா!” என்றாள் மகள்.

அவர் கை ஏசி பட்டனுக்குப் போனது.

“அத நிறுத்தாதீங்க” என்றாள் அம்மா. “அது பாட்டுக்கு ஓடட்டும். கண்ணாடி மட்டும்.”

அம்மாவைத் தாண்டிக் கையை நீட்டி, மகள் கைப்பிடியைச் சுற்றினாள். பாதியில் இறுகிக்கொண்டது. வெயில் காற்று உள்ளே அடித்தது. அம்மா முகத்தை அதற்குக் காட்டினாள்.

“இப்ப சரி.”

பாலம் தாண்டும்போது தோளில் இருந்த தலை கனத்தது. மகள் அம்மாவின் மூக்கருகே புறங்கையை வைத்தாள். மூச்சு படவில்லை. வைத்தபடியே இருந்தாள். முன்னால் அப்பா ஏசி துவாரத்தின்மேல் உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பின்னால நல்லா வருதா?”

“வருதுப்பா.”

வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். என்ஜினை அணைக்கவில்லை. இறங்கிச் சுற்றி வந்து, அம்மா பக்கத்துக் கதவைத் திறந்து, கைப்பிடியைச் சுற்றினார். இறுகிய இடத்தில் இன்னொரு கையால் கண்ணாடியை மேலே தள்ளிக்கொடுத்தார். அது முழுதாக ஏறியதும் சத்தமில்லாமல் கதவைச் சாத்தினார்.

பிறகு வாசற்படியில் போய் உட்கார்ந்தார்.

காருக்கு அடியில் ஏசித் தண்ணீர் சொட்டியது. சிமெண்டுத் தரையில் கோடாக ஓடி வந்து அவர் செருப்பைத் தொட்டது. அவர் காலை எடுக்கவில்லை.