இருநூற்று நாற்பது பல்புக்கு ஏழு வரி

பாண்டிச்செல்வி 'ரன்' பொத்தானை அழுத்தினாள். பலகையின் அடிவரிசை மட்டும் இடமிருந்து வலமாக ஒவ்வொரு பல்பாக எரிந்தது. இருபதாவது பல்போடு நின்றுபோனது. மேலே பதினோரு வரிசையும் இருண்டே கிடந்தன. காலையிலிருந்து இது ஒன்பதாவது தடவை. எட்டுத் தடவை எரிந்த அதே வரிசைதான் மறுபடியும் எரியும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆனாலும் அழுத்தாமல் இருக்கக் கை கேட்கவில்லை.

மலைநகரின் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு தேவாலயத்துக்குப் பின்னால், பெண்களுக்கென்று நடக்கும் கம்ப்யூட்டர் வகுப்பு அது. மூன்று மாதப் படிப்பு, இன்று கடைசி நாள். சுவரில் ஒரு பலகை. அதில் பன்னிரண்டு வரிசை, வரிசைக்கு இருபது குட்டி பல்பு. புரோகிராம் எழுதி மொத்தத்தையும் எரிய வைக்கிறவருக்குத்தான் அடுத்த வகுப்பில் இடம். அடுத்த வகுப்பு வரும் திங்கட்கிழமையே ஆரம்பம்.

அதே திங்கட்கிழமைதான் அவர்கள் மலைக்கிராமமான பூம்பாறையில், அவர்கள் காட்டில் பூண்டு ஊன்றும் வேலையும் ஆரம்பம். அவள் புருஷன் திருமலைச்சாமி கறாராகச் சொல்லிவிட்டான். "பல்பு எரிஞ்சா போ, நான் குறுக்க நிக்கல. எரியலைன்னா வெள்ளனே காட்டுக்கு வந்துரணும். அதுக்கப்புறம் கம்ப்யூட்டர்னு பேச்சே எடுக்கக் கூடாது." எரியாது என்ற தைரியத்தில் கொடுத்த வாக்கு. மனுஷன் விவரமானவன்.

மணி மூன்றரை ஆகிவிட்டது. மார்க்கெட்டில் கேரட் மூட்டையை இறக்கிவிட்டு நாலு மணிக்கு ஜீப்போடு வந்து நிற்பான். மற்ற பெண்கள் முடித்தவர்கள் முடித்து, முடியாதவர்கள் கைவிட்டு, எல்லோரும் கிளம்பிப் போயாயிற்று. பாண்டிச்செல்வியும் டீச்சர் ஆக்ஸிலியாவும்தான் பாக்கி. டீச்சருக்கு இருபத்துநாலு வயது, மாணவிக்கு நாற்பத்தொன்று. தேர்வில் டீச்சர் கேள்வி கேட்கலாம், பதில் சொல்லக் கூடாது என்பது விதி.

"லூப்புக்குள்ள லூப்பு சரியாத்தான போட்டிருக்கேன் டீச்சர்? வெளி லூப்பு அடுக்கு, உள் லூப்பு பல்லு. ஒரு அடுக்குல இருபது பல்லு ஊனணும், அப்புறம் அடுத்த அடுக்கு. இதுல என்ன தப்பு?" லூப் என்பது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் கட்டளை. மலைச்சரிவின் படிவயலும் ஊன்றும் பூண்டுப் பல்லுமாக, எண்ணிக்கைகளுக்கு அவள் வைத்த பெயர்கள்தான் அடுக்கும் பல்லும். பலகையை முதன்முதலில் பார்த்ததுமே அது அவள் கண்ணுக்குப் பூண்டுக் காடாகத்தான் தெரிந்தது.

"மெஷின் எப்படிப் போகும்னு நீங்களே விரல் வெச்சு நடந்து காட்டுங்க அக்கா."

பாண்டிச்செல்வி எழுந்து போய் அடிவரிசையில் விரலை வைத்தாள். ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே வலது கோடிக்கு வந்தாள். அங்கேயே விரலை ஒரு வரிசை மேலே ஏற்றி, வலமிருந்து இடமாகத் திரும்பி நடந்தாள்.

"இங்கேருந்து ஏன் திரும்புறீங்க?"

"பின்ன? ஒரு அடுக்கு ஊனி முடிச்சிட்டு, வெறுங்கைய வீசிக்கிட்டு அந்தக் கோடிக்கு எவளாவது நடந்து போவாளா? நிக்கிற எடத்துலயே மேல ஏறித் திரும்பிற வேண்டியதுதான். இதைக்கூடவா சொல்லணும்?"

"யாருக்குச் சொல்லணும்?" என்று கேட்டுவிட்டு ஆக்ஸிலியா உதட்டைக் கடித்துக்கொண்டாள். விதியின் விளிம்புக்கே போய்விட்டாளோ என்னவோ.

பாண்டிச்செல்வி திரைக்கு ஓடினாள். முதல் அடுக்கு முடியும்போது பல்லின் எண் என்ன? இருபது முடிந்து இருபத்தொன்று. இரண்டாம் அடுக்குக்கு ஏறுகிறது. 'பல் இருபதைத் தாண்டாதவரை எரி.' தாண்டித்தான் நிற்கிறதே! வேலை முடிந்தது என்று அடுத்த அடுக்குக்கு ஏறுகிறது. அங்கேயும் அதே கதை.

"அடப்பாவி! பன்னெண்டு அடுக்கும் ஏறி எறங்கியிருக்கு டீச்சர், மேல ஒரு பல்லுகூட ஊனாம! நான் சும்மா இருக்குன்னுல்ல நெனச்சேன்!"

மெஷினுக்குத் தானாகத் திரும்பத் தெரியாது. கோடிக்குப் போய் ஒன்றிலிருந்து ஆரம்பி என்று ஒவ்வொரு அடுக்கிலும் சொல்ல வேண்டும். 'பல் = 1' என்ற வரி புரோகிராமின் தலைமாட்டில், இரண்டு லூப்புக்கும் வெளியே இருந்தது. அதை வெட்டி எடுத்து, வெளி லூப்புக்குள், உள் லூப்புக்கு முன்னால் வைத்தாள். புதிதாக ஒரு எழுத்தும் அடிக்கவில்லை. மறுபடியும் 'ரன்' பொத்தானை அழுத்தினாள்.

அடிவரிசை எரிந்தது. இருபதாவது பல்பும் எரிந்தது. பிறகு இரண்டாம் வரிசையின் இடது கோடியில் ஒரு பல்பு கண் விழித்தது. அப்புறம் மூன்றாம் வரிசை, நான்காம் வரிசை. நிதானமாக, ஓர் இடத்தையும் விடாமல், வெளிச்சம் மேலே மேலே ஏறியது. ஆத்தாடி! ஏழே வரி. உள்ளே இருக்கும் ஒரு வரிக்கு இருநூற்று நாற்பது தடவை வேலை. சலிக்கவில்லை, இடுப்பு வலிக்கிறது என்று உட்காரவில்லை. இருபத்தைந்து வருஷமாகக் குனிந்து ஊன்றிய வேலைக்குள் இப்படி ஒரு பிரம்மாண்டம் இருந்திருக்கிறதே! பாண்டிச்செல்விக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

"டீச்சர், இதுக்கு வெளிய இன்னொரு லூப்பு போட்டா?"

"இந்த மாதிரி பத்துப் பலகை எரியும்."

"அதுக்கும் வெளிய?"

"போடலாம் அக்கா. போட்டுக்கிட்டே போகலாம்."

அவள் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். பயமாகக்கூட இருந்தது.

வாசலில் திருமலைச்சாமி நின்றுகொண்டிருந்தான். எப்போது வந்தானோ தெரியாது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, சுவரையே பார்த்தான்.

"இத்தனையும் நீ எரிய வெச்சதா?"

"ஆமா."

"இன்னொரு தடவ போடு பாப்போம்."

போட்டாள். அடியிலிருந்து உச்சிவரை கழுத்தை நிமிர்த்தி நிமிர்த்திப் பார்த்தான். "இந்தப் பன்னெண்டு அடுக்குதானா?"

"வெளிய ஒரு லூப்பு போட்டா பக்கத்துக் காடும் எரியும். அதுக்கும் வெளிய ஒண்ணு போட்டா நம்ம ஊரு மொத்தமும்." அவள் பலகைக்கு மேலே கையைக் காட்டினாள். "அதுக்கும் வெளிய போட்டா மலை மொத்தமும். அதே மாதிரிதாங்க எழுதணும்."

பூம்பாறையின் அத்தனை அடுக்குகளையும் மனசுக்குள் ஏறிப் பார்த்தானோ என்னவோ, பலகையின் உச்சி வரிசையைக் கையால் தடவிப் பார்த்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, ஊன்ற வருகிற பெண்களுக்குத் தலைவியான ராக்காயியைக் கூப்பிட்டான்.

"ராக்காயி, திங்கக்கிழம எங்க காட்டுக்கு ஒரு ஆளு சேத்துக் கூட்டிட்டு வா. செல்வி வராது." சுவரை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். "அதுக்கு இங்க பெரிய சோலி கெடக்கு."