ஓல்டேக்கர் பெயர் இல்லாத பட்டியல்

வாஷிங்டனிலிருந்து வருஷத்துக்கு இரண்டு முறை, மார்ச் கடைசியிலும் செப்டம்பர் முப்பதிலும் கணக்கை முடித்து, ஒரு பட்டியல் வெளிவரும். ஆறு மாதத்துக்கு மேல் மனுவையோ மூன்று வருஷத்துக்கு மேல் வழக்கையோ ஊறப்போட்ட மத்திய நீதிபதிகளின் பெயர்கள் அதில் அச்சாகும். ஆயுளுக்கும் ஆட்டமுடியாத நாற்காலியில் இருப்பவர்களை ஆட்டிவைப்பது அது ஒன்றுதான். ஒஹையோவில் நீதிபதியாக இருந்த மெரிட் ஓல்டேக்கர் அதுவரை இருபத்தாறு வருஷத்தில் ஒருமுறைகூட அதில் ஏறியதில்லை. மனைவியின் பிறந்தநாளை மறப்பார். செப்டம்பர் முப்பதை மறக்கமாட்டார்.

அந்தச் செப்டம்பர் முப்பதில் மேசையில் மிஞ்சியது ஒரே கட்டு. வெண்டெல் டாக்கெட் என்ற உலைத் தொழிலாளி, புகையில் நுரையீரலைப் பறிகொடுத்தவர், கம்பெனிமேல் போட்ட வழக்கு. ஜூரியிடம் தன் வாயால் சொல்லிவிட்டுச் சாகவேண்டும் என்பது அவர் ஆசை. விசாரணையே வேண்டாம், வழக்கை முடித்துவிடுங்கள் என்பது கம்பெனியின் மனு.

"விசாரணைக்கு விட்டுடலாம் ஜட்ஜ்," என்றாள் சட்ட உதவியாளர் பெய்ஜ். "ரெண்டு டாக்டர் சாட்சி இருக்கு. மனுஷன் ஆக்சிஜன் சிலிண்டரோட காத்துக்கிட்டிருக்காரு."

"விட்டா மே மாசம் வரைக்கும் இழுக்கும். மார்ச்லயே மூணு வருஷம் தாண்டிடும். பட்டியல்ல என் பேரு வந்துடும்."

"அதை யாரு ஜட்ஜ் படிக்கிறாங்க?"

"மத்த ஜட்ஜுங்க."

செயலாளர் பெர்னீஸ் கதவோரம் எட்டிப்பார்த்தாள். "மணி நாலரை. பேனா வேணுமா, காப்பி வேணுமா?"

"ரெண்டும் கொண்டா. பெய்ஜ், மூஞ்சியத் தூக்கி வச்சுக்காதே. தப்புன்னா மேல்கோர்ட்டு திருத்திக்கும். அவங்களுக்கும் வேலை வேணாமா?"

கையெழுத்து விழுந்தது. வழக்கு முடிந்தது.

மேல்கோர்ட்டு திருத்தத்தான் செய்தது, பதினாலு மாதம் கழித்து. டாக்கெட்டின் மூச்சு பத்தாம் மாதமே நின்றுவிட்டது.

அந்தத் தீர்ப்பு வந்த மதியம் ஓல்டேக்கருக்குப் பிரிவுபசார விருந்து. "இருபத்தேழு வருஷம், ஒரு தடவைகூட இல்லை! நாங்கள்லாம் இவர்கிட்ட பிச்சை வாங்கணும்," என்றார் தலைமை நீதிபதி. கேக்கின் நடுவே நீலக் கிரீமில் பெரிய பூஜ்யம் வரைந்திருந்தார்கள். ஓல்டேக்கரின் கோட்டுப் பைக்குள் மேல்கோர்ட்டுத் தீர்ப்பின் மடித்த தாள்: ஜூரி கேட்டிருக்கவேண்டிய வழக்கு இது, வேறு நீதிபதி விசாரிக்கட்டும்.

"உங்களுக்கு எங்கேருந்து வெட்டட்டும் ஜட்ஜ்?" என்றாள் பெர்னீஸ்.

"ஓரத்துலேர்ந்து."

"ஓரத்தையெல்லாம் வந்தவங்க தின்னாச்சு. பூஜ்யம்தான் இருக்கு."

பெய்ஜ் கைதட்டவில்லை என்பதைக் கவனித்தார். தட்டை வாங்கி, ஒரு துணுக்கு விடாமல் தின்றார். மிச்சம் வைக்கும் பழக்கம்தான் அவருக்குக் கிடையாதே.