டீச்சர் கேட்ட ஆமாம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 1996 நவம்பரில், போத்தனூர்க் கல்லறைத் தோட்டத்தில், ஒரு பெண் கையில் செவ்வந்திப் பூவோடு, அதை வைக்க இடமில்லாமல் நின்றார். அவரிடம் ஒரு போதகர் சரியான பதிலைச் சொன்னார். அந்தப் பதிலை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

2

முதல் தொடக்கம்: 'விசுவாசத்துக்கும் அறிவியலுக்கும் நடுவே நவீன இறையியல் கட்டிய பாலம்...'

அடித்துவிட்டேன். அந்தப் பாலத்தில் ஆள் நடமாட்டமே இல்லை.

இரண்டாவது தொடக்கம்: அன்புச்செல்வி டீச்சர் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவர். கணவர் கதிர் ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்தவர். தான் செத்தால் உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று எழுதிவைத்திருந்தார். டீச்சர் அப்படியே செய்தார், சபையே மெச்சியது. கல்லறைத் திருநாள் வந்தது. எல்லோரும் அவரவர் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து மெழுகுவத்தி ஏற்றினார்கள். டீச்சருக்குப் போக ஒரு கல்லறை இல்லை.

(அவசரப்பட்டு அழாதீர்கள். அந்த இடம் இன்னும் வரவில்லை.)

3

ரூபன் ஐயர் இளைஞர். (எங்கள் சபையில் போதகரை ஐயர் என்போம்.) இறையியல் கல்லூரியிலிருந்து பெட்டி நிறையப் புத்தகத்தோடு வந்தவர். ஒவ்வொரு கல்லறையாக நின்று ஜெபம் செய்துகொண்டே வந்தேன்.

(வந்தார் என்று எழுதியிருக்க வேண்டும். சரி, நான்தான் ரூபன். மூன்றாம் ஆளாக நின்று தப்பிக்கலாம் என்று பார்த்தேன்.)

"ஏனுங்கய்யா, எங்க ஊட்டுக்காரர் முழுசா எந்திரிச்சு வருவாருங்களா? நான் அவரைப் பாப்பனுங்களா?" என்றார் டீச்சர்.

அறிவியல் படித்தவராயிற்றே, அளந்து பேச வேண்டும் என்று நினைத்தேன். அங்கேதான் தப்பு செய்தேன்.

"உயிர்த்தெழுதலை ஒடம்புக் கணக்கா எடுத்துக்கக் கூடாதுங்க டீச்சர். விசுவாசமும் நிச்சயமும் ஒண்ணு இல்லீங்க. சந்தேகமும் விசுவாசத்துக்குள்ளதான் இருக்குதுங்க..."

"ஒடம்பெல்லாம் வெறும் அணுதான்னு வருசா வருசம் நான்தானுங்க பாடம் எடுக்கறேன். விளக்கம் வேண்டாமுங்கய்யா. ஆமான்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க, போதும்."

நான்

(இந்த வாக்கியத்தை முடிக்க வரவில்லை. பொய் சொல்லக் கூடாதென்று வாயை மூடிக்கொண்டேன் என்று எழுதினால் யோக்கியனாகத் தெரிகிறேன். உண்மையில், யாராவது எனக்கு அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டார்களா என்று நானே ஏங்கிக்கொண்டிருந்தேன்.)

4

முடிவு ஒன்று: ஆமாம் என்கிறேன். மறுநாள், பொய் சொன்னேனே என்று அங்கியைக் கழற்றுகிறேன். (சுத்த நாடகம்.)

முடிவு இரண்டு: இருவரும் மருத்துவக் கல்லூரி வாசலுக்குப் போய்ப் பூவை வைக்கிறோம். (நன்றாக இருக்கிறது. எனக்குத் தோன்றவில்லையே அன்றைக்கு.)

நடந்தது: "சரிங்கய்யா, வாரேனுங்க" என்று சொல்லிவிட்டு, டீச்சர் பூவோடு டவுன் பஸ் ஏறினார். பிறகு சபைப் பக்கம் வரவேயில்லை.

5

ஆமாம் என்று இங்கே எழுதிவிட எனக்கு ஒரு நொடி போதும். ஆனால் டீச்சர் என்னிடம் கேட்டது கதையை அல்ல. எனவே முடிவை உங்களிடம் விடுகிறேன். டீச்சர் இப்போது சரவணம்பட்டியில் மகள் வீட்டில் இருக்கிறார். உங்களுக்கு நிச்சயமாகத் தெரியுமென்றால் போய்ச் சொல்லுங்கள்.

சொல்லிவிட்டுத் திரும்பும்போது, அப்படியே என் வீட்டுக்கும் ஒரு எட்டு வந்துவிட்டுப் போங்கள்.