தங்க முனைக் கேபிள்

'கொர்ர்ர்' என்று ஐந்து ஸ்பீக்கர்களும் ஒன்றாக உறுமின. தீவின் சென்ட்ர் டி ஃப்ளாக் ஊரில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு வந்தவர்கள் கூடையும் கையுமாகக் கடைவாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள். கல்லாவில் இருந்த யொலாந்த் காதைப் பொத்திக்கொண்டாள்.

விஸ்வம் மட்டும் அசையவில்லை. நல்ல கச்சேரி கேட்பவன் போல அந்த உறுமலைக் கண்மூடிக் கேட்டான்.

"நிறுத்தாதீங்க முதலாளி. கொஞ்சம் ஓடட்டும்."

பத்ரிநாராயணனுக்கு நெற்றி வியர்த்தது. கடை அவருடையது. கோயில் கமிட்டியிலும் அவர் பெரிய கை. வீட்டிலும் வியாபாரத்திலும் தீவின் பேச்சான க்ரியோல்தான். தமிழை, பட்டு வேட்டி மாதிரி, விசேஷத்துக்கு மட்டும் எடுப்பார். இன்று எடுத்திருந்தார். மாயெபூர்ப் பக்கத்து ஹோட்டல் ஒன்று எண்பது பங்களாக்களுக்கு டி.வி.டி. ப்ளேயரும் ஸ்பீக்கரும் வாங்கப் போகிறது. சாமானைச் சோதித்துச் சொல்ல வேண்டிய ஹோட்டல் மெக்கானிக் இந்த விஸ்வம். மூன்று வருஷத்துக்கு முன் இதே கடையிலிருந்து அவர் துரத்திய விஸ்வம்.

கும்பகோணத்திலிருந்து இந்தக் கடைக்கு ஒப்பந்தத்தில் வந்தவன் அவன். அந்த வருஷத் தைப்பூசக் காவடிக்குக் கோயிலில் மைக் செட் கட்டினான். பத்து நாள் விரதம் இருந்து காப்பும் கட்டியிருந்தான். அபிஷேகம் நடக்கும்போது ஒலிபெருக்கி இப்படித்தான் உறுமியது. ஓதுவார் பாட்டு ஒரு வரிகூடக் கேட்கவில்லை. பத்ரிநாராயணன் மைக்கைப் பிடுங்கி அணைத்துவிட்டு, உரக்க, "இந்தியாவிலிருந்து வந்த ஆளுக்கு வயர் மாட்டத் தெரியல்ல" என்று ஊருக்கே அறிவித்தார்.

காப்புக் கட்டியவன் வாய்ச்சண்டை போடக் கூடாது. விஸ்வம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். அந்த மௌனத்தைச் சனங்கள் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு ஒரு வீட்டில்கூட அவனை ரேடியோ பார்க்கக் கூப்பிடவில்லை. அவன் மனைவி அலமு நடத்திய தேவார வகுப்புக்குப் பிள்ளைகள் வருவது நின்றது. மூன்றாவது மாதம் அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு விமானம் ஏறிவிட்டாள். தொழில் தெரியாதவன் என்ற பெயரைத் துடைக்காமல் அவளைத் திரும்பி வா என்று கூப்பிட அவனுக்கு வாய் வரவில்லை.

"இதைப் போட்டா போயிடும்" என்று பத்ரிநாராயணன் வெல்வெட் பெட்டியிலிருந்து ஒரு கேபிளை எடுத்தார். இரண்டு முனையிலும் தங்கப் பூச்சு மின்னியது. சிவப்பு, வெள்ளை முனை வயரைக் கழற்றிவிட்டுப் ப்ளேயருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே அதை மாட்டினார். உறுமல் பட்டென்று நின்றது. "பார்த்தே? ஆப்டிகல். தங்கம். அதுதான் க்வாலிட்டி."

விஸ்வம் மேஜை இழுப்பறையிலிருந்து சாதா ஆப்டிகல் கேபிள் ஒன்றை எடுத்து, தங்கத்தைக் கழற்றிவிட்டு மாட்டினான். அதே சுத்தமான சத்தம்.

"இதுக்குள்ள ஓடுறது கரண்டா, வெளிச்சமா?"

"வெளிச்சம்."

"வெளிச்சத்துக்கு எதுக்கு முதலாளி தங்கம்? கல்யாணத்துக்குப் போகப் போகுதா?"

யொலாந்துக்குத் தமிழ் அரைகுறைதான். ஆனாலும் சிரித்துவிட்டாள். வாசலில் நின்றவர்களில் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். கோயில் செயலாளர் சந்திரமௌலி சிரிக்கவில்லை, உள்ளே வந்து நின்றார். ஞாயிறு பூஜை முடிந்ததும் அவர் இந்தக் கடைக்கு வந்துதான் வீட்டுக்குப் போவார். விஸ்வம் நாள் பார்த்துத்தான் வந்திருந்தான்.

அவன் சட்டைப்பையிலிருந்து ஹோட்டல் பெயர் அச்சடித்த தாளை எடுத்து விரித்து, பேனாவைத் திறந்தான்.

"முதல்ல உறுமிச்சே, அதுக்குக் காரணம் எழுதணும். வயர் சரியில்லையா, மாட்டின ஆள் சரியில்லையா?"

மாட்டியது பத்ரிநாராயணனேதான். கடை முழுக்கப் பார்த்திருந்தது.

"வயர்" என்றார்.

"எப்படின்னு சொல்லுங்க. எழுதிக்கிறேன்."

"அது செம்பு. டி.வி. ஆன்டெனா எர்த்தும் ஆம்ப்ளிஃபயர் எர்த்தும் அது வழியாச் சேர்ந்துச்சு, அதான் உறுமல். ஆப்டிகல்ல செம்பு இல்ல, சேராது."

"அப்ப, வயர் தப்பா அமைஞ்சா எவ்வளவு நல்ல மெக்கானிக் மாட்டினாலும் உறுமும்."

"வீ, ஆமா. உறுமும்."

"காவடி அன்னிக்கும் அப்படித்தானா?"

கடையில் ப்ளேயர் பாடிக்கொண்டிருந்தது. பத்ரிநாராயணன் அதை நிறுத்தினார். சந்திரமௌலியைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். எண்பது பங்களா கண்முன் வரிசையாக நின்றிருக்க வேண்டும்.

"பே... அட, அது பழசு, விஸ்வம். இப்ப எதுக்கு?"

"பேனா காயுது, முதலாளி."

"நீ உறுமல் புகாம வலை சுத்தின மைக் கேபிள் கேட்டே" என்றார், தரையைப் பார்த்தபடி. "நான் குடுக்கல்ல. ஸ்டாக்ல கிடந்த ஸ்பீக்கர் வயரைக் குடுத்தேன். நாற்பது மீட்டர், அதுவும் ஜெனரேட்டர் வயர் பக்கத்துலயே இழுக்கச் சொன்னேன். வேணாம்னு நீ சொன்னே. மோ ஃபோத். தப்பு என்னுது."

"இன்னும் கொஞ்சம் சத்தமா. செயலாளர் ஐயாவுக்கு ஒரு காது மந்தம்."

"தப்பு என்னுது" என்று பத்ரிநாராயணன் மறுபடி சொன்னார். வாசலில் கூடை வைத்திருந்த பெண்மணி பக்கத்தில் இருந்தவளிடம் அதைக் க்ரியோலில் எடுத்துச் சொல்ல ஆரம்பித்தாள். மத்தியானத்துக்குள் சந்தை முழுக்கப் போய்விடும்.

சந்திரமௌலி தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ பத்ரி, அந்தப் பிள்ளை காப்போட நின்னானே. நாமெல்லாம் அவனை..."

"ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க ஐயா. கமிட்டி முத்திரையோட. கும்பகோணத்துக்கு அனுப்பணும்" என்றான் விஸ்வம். அவர் உடனே தலையாட்டினார்.

பத்ரிநாராயணன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கல்லாவிலிருந்து நல்ல பேனாவாகப் பார்த்து எடுத்து நீட்டினார். "சொல்லிட்டேன்ல, தம்பி. இப்ப ஆர்டர்ல கையெழுத்துப் போடு."

விஸ்வம் தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

"ஹோட்டல் ஆர்டர் நேத்தே தேர் ரூஜ் ஊர்ல வேற கடைக்குப் போயாச்சு, முதலாளி. இன்னிக்கு எனக்கு லீவு."