சேனாபதி பார்த்துக் கொடுத்த டிராக்டர்

அமெரிக்காவில், பேர்லேண்ட் மீனாட்சி கோயிலுக்கு வருகிறவர்களில் டிராக்டரைப் பற்றித் தெரிந்தவர் சேனாபதி ஒருவர்தான் என்று ஒரு பேச்சு இருந்தது. அதைக் கிளப்பிவிட்டவரும் அவரேதான். "நமக்குப் பொள்ளாச்சிங்க. டிராக்டர் மேலயே வளர்ந்தவன்" என்று சாப்பாட்டுக் கூடத்தில் அடிக்கடி சொல்வார். உண்மையில் அவருடைய அப்பா தாலுகா ஆபீசில் குமாஸ்தா. தோப்பும் டிராக்டரும் பெரியப்பாவுடையவை. அதன் மட்கார்டில் உட்கார்ந்து இரண்டு முறை போயிருக்கிறார், அவ்வளவுதான்.

1997 ஏப்ரலில் பத்மநாபன் மேன்வெல் பக்கம் நாலு ஏக்கரோடு ஒரு வீடு வாங்கினார். இரண்டு மழைக்குள் புல் முழங்காலுக்கு வந்துவிட்டது. புல்லுக்குள் பாம்பைப் பார்த்த அன்றே அவர் மனைவி காமாக்ஷி சேனாபதிக்கு போன் செய்தாள்.

"பேப்பர்ல யூஸ்டு டிராக்டர் ஒண்ணு போட்டிருக்கான். இவருக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க வந்து செக் பண்ணி ஓகே சொன்னாதான் வாங்கப் போறோம்."

எனக்கும் ஒன்றும் தெரியாது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். "சனிக்கிழமை போயிடலாங்க" என்றார் சேனாபதி.

விற்கிறவர் ஹார்லன் என்ற முதியவர், பள்ளிக்கூட பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். சின்ன டீசல் டிராக்டர். வயிற்றுக்கடியில் புல் வெட்டும் பிளேடுகள். சேனாபதி டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தார். டயரை உதைத்தார். புகையை முகர்ந்து "ம்" என்றார். பத்மநாபன் அவரையே பயபக்தியோடு பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வண்டியில் ஏறி மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றப் போனார்.

அப்போதுதான் ஹார்லன் அதைச் சொன்னார். சீட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டிய ரோல் பாரை, மரக்கிளையில் இடிக்கிறதென்று கழற்றி ஷெட்டில் வைத்திருக்கிறார். மாட்டித் தரட்டுமா, ஒரு மணி நேர வேலைதான்.

ரோல் பார் என்றால் என்னவென்று சேனாபதிக்குத் தெரியவில்லை. பெரியப்பாவின் டிராக்டரில் அப்படி எதையும் பார்த்ததில்லை. கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். வேண்டாம் என்றார். நிச்சயமாகவா என்று ஹார்லன் மறுபடி கேட்டார். நான் டிராக்டரிலேயே வளர்ந்தவன் என்று ஆங்கிலத்திலும் சொன்னார் சேனாபதி.

ஜூன் மாதம், கால்வாய்ச் சரிவில் திருப்பும்போது வண்டி கவிழ்ந்து பத்மநாபன் அடியில் சிக்கிக்கொண்டார். உயிர் பிழைத்தார். இடுப்பெலும்பும் இடது தொடையும் முறிந்திருந்தன.

ஆஸ்பத்திரி வராந்தாவில் காமாக்ஷி அழவில்லை. கோபத்தில் இருந்தாள்.

"வண்டி கவிழ்ந்தா ஆள் மேல விழாம தாங்குற கம்பியாம் ரோல் பார். அதுவும் சீட் பெல்ட்டும் இருந்திருந்தா இவ்வளவு ஆகியிருக்காதாம். அந்தக் கிழவன் ஒரு வார்த்தை சொல்லலையே! லாயர்கிட்ட பேசிட்டேன். நீங்கதானே பக்கத்துல நின்னீங்க, அவன் சொல்லலைன்னு நீங்க சாட்சி சொல்லணும்."

சேனாபதி தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் மனைவி கலாவதியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "தெரியாதுன்னு சொல்றதுக்கு வெக்கப்பட்டீங்க, சரி. அந்தப் பெரியவரு மேல பழியப் போட வெக்கமா இல்லீங்களா?"

அன்று மாலையே ஆஸ்பத்திரிக்குப் போனார். பத்மநாபனின் கால் கட்டுப்போட்டுத் தூக்கி வைக்கப்பட்டிருந்தது.

"ஹார்லன் சொன்னாருங்க" என்றார் சேனாபதி. "மாட்டித் தர்றேன்னாரு. நான்தான் வேண்டாம்னுட்டேன்."

"ஏன்?" என்றாள் காமாக்ஷி.

"அது எதுக்குன்னே எனக்குத் தெரியலைங்க. நான் டிராக்டர் ஓட்டுனதே இல்ல."

காமாக்ஷி கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற யாரையாவது கேட்டிருப்போமே" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, கணவரின் போர்வையைச் சரிசெய்தாள். பத்மநாபன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். சேனாபதி வெளியே வந்து கதவைச் சாத்தினார்.

கேஸ் போடவில்லை. சேனாபதி ஹார்லனுக்கு போன் செய்து நடந்ததைச் சொன்னார். அவரோ, கட்டாயப்படுத்தி மாட்டியிருக்க வேண்டும், தப்பு என்னுடையது என்று வருந்தினார். இல்லை என்று மூன்று முறை சொல்லியும் அவர் ஏற்கவில்லை.

ஜூலை முதல் சேனாபதி ஒவ்வொரு சனிக்கிழமையும் மேன்வெல் போய், தன் வீட்டுத் தள்ளு மெஷினாலேயே அந்தப் புல்லை வெட்டினார். யாரும் கூப்பிடவில்லை; வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நூறு டிகிரி வெயிலில் ஒரு வாரத்துக்கு ஒரு ஏக்கர்தான் முடிந்தது. நாலாவது ஏக்கரை முடிப்பதற்குள் முதலாவது வளர்ந்துவிடும். காமாக்ஷி படியில் ஒரு பாட்டில் தண்ணீரை வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வாள்.

செப்டம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை, பத்மநாபன் வாக்கரைப் பிடித்துக்கொண்டு மெல்ல வராந்தாவுக்கு வந்தார். சேனாபதி மெஷினை நிறுத்திவிட்டுத் தலைகுனிந்து நின்றார்.

பத்மநாபன் கொஞ்ச நேரம் நிலத்தைப் பார்த்தார்.

"வேலி ஓரமா ஒரு ஸ்ட்ரிப் விட்டுட்டீங்க, பாருங்க" என்றார்.